அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டாரை நம்ம கைக்கு ஏத்த மாதிரி செட் பண்றது எப்படி (உப்புக்காத்து ஊர்க்காரங்களுக்கு)

போன வாரம் மண்டபத்துல இருந்து ஒரு தம்பி பைக்ல பேஸை முதுகுல மாட்டிக்கிட்டு தங்கச்சிமடம் வரைக்கும் வந்துட்டான், பாம்பன் பாலத்து மேல அடிச்ச காத்துல கிட்டார் பை பாய் மாதிரி ஆளையே இழுத்துச்சாம், வந்ததும் வராததுமா "அண்ணே இதை வித்துரலாம்னு இருக்கேண்ணே"ங்குறான். என்னடா விஷயம்னு கேட்டா பி ஸ்ட்ரிங்கை (இருக்குறதுலயே தடியானது) தொட்டா தகரக் கொட்டகையில மழை பேஞ்ச மாதிரி தடதடங்குதாம், ஜி ஸ்ட்ரிங்கை (மெல்லிசானது) அமுக்கி அமுக்கி விரல் கொப்பளிச்சுப் போச்சாம். வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு, ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொட்டதில்ல, கடையில இருந்து வந்தப்ப போட்டிருந்த அதே ஸ்ட்ரிங், அதுவும் கருவாடு மாதிரி கருத்துப் போயி கெடக்கு. பேஸ் மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு மணி நேர வேலை, நடுவுல ஒரு ராத்திரி சும்மா வெச்சிருக்கணும், அம்புட்டுதான். அவனுக்கு வாயால சொன்னதை எல்லாம் இங்க எழுதி வெக்கிறேன், இன்னும் நாலு பேருக்கு ஆகும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 4 ஸ்ட்ரிங் பேஸுக்குச் சொல்ற அளவை எல்லாம் அப்படியே கொண்டாந்து 5 ஸ்ட்ரிங்ல போட்டா பி ஸ்ட்ரிங் உங்களைப் பழி வாங்கும். ஸ்ட்ரிங் ஆடுற நீளம் 34 இன்ச்ங்குறது 1951ல ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தப்ப 4 ஸ்ட்ரிங்குக்காக வந்த கணக்கு. அதே நீளத்துல பிற்பாடு கீழ ஒரு பி சேத்தாங்க. இ ஸ்ட்ரிங் ஒரு செகண்டுக்கு 41 தடவை ஆடுது, பி 31 தடவைதான், அதனால அது அகலமா ஆடும், எடமும் நிறைய வேணும். 130 கேஜ் (கேஜ்னா ஸ்ட்ரிங்கோட தடிமன்) போட்டாலும் இழுவை பதினஞ்சு பதினாறு கிலோதான், 105 கேஜ் இ ஸ்ட்ரிங்ல 18 கிலோ வரும். கொழகொழன்னு இருக்குன்னு எல்லாரும் சொல்றது இதைத்தான். 35 இன்ச் பேஸ்ல கொஞ்சம் கெட்டியா இருக்கும், நம்மள்ல முக்காவாசி பேர்கிட்ட இருக்குறது 34தான், அதை வெச்சே சமாளிப்போம்.

பி எதுக்குன்னு கேக்குறவங்களும் இருக்காங்க. கச்சேரியில ரெண்டு கட்டையில பாடுற ஆள் வந்து நின்னா தெரியும் எதுக்குன்னு. டி ஸ்கேல்ல கீழ டி வேணும், 4 ஸ்ட்ரிங்ல இ-க்குக் கீழ ஒண்ணும் கெடையாது, மேல போயி வாசிச்சா பாட்டு தரையை விட்டுத் தூக்குன மாதிரி ஆயிடும். சர்ச் கொயர்ல இன்னும் மோசம், பூசைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கீபோர்டுக்காரரு ட்ரான்ஸ்போஸை ஒரு அமுக்கு அமுக்கிட்டு "தம்பி ஒண்ணரைக் கட்டை"ம்பாரு. அப்ப பி தான் கை குடுக்கும். ஆனா அது சுத்தமாக் கேட்டாத்தான் கை குடுக்கும்.

சாமான் என்னென்ன வேணும்னா, ஆலன் கீ செட் ஒண்ணு (ஹார்ட்வேர் கடையில எல்என் கீன்னு கேளுங்க), ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர், மில்லிமீட்டர் கோடு தெளிவாத் தெரியிற ஸ்டீல் ஸ்கேல், ஒரு ட்யூனர், ஒரு ஃபில்லர் கேஜ். ட்ரஸ் ராடுக்கு (நெக், அதாவது நீளக் கழுத்துக்குள்ள ஓடுற கம்பி) பெரும்பாலும் 4 இல்லாட்டி 5 மில்லி கீ போகும், சாடில் (பாடிப் பக்கம் ஸ்ட்ரிங் ஏறி உக்காருற குட்டித் துண்டு) ஸ்க்ரூவுக்கு ஒண்ணரை மில்லி, சில கம்பெனி பேஸ்ல இன்ச் அளவு வரும். கீ லேசா ஆடுச்சுன்னா அந்தக் கீயைப் போடாதீங்க, உள்ள இருக்குற ஆறு பட்டை மழுங்கிப் போச்சுன்னா அப்புறம் ட்ரஸ் ராடைத் திருப்ப வழியே இல்ல. ஃபில்லர் கேஜ் மியூசிக் கடையில தேட வேணாம், பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வெச்சிருப்பாரு பாருங்க, இலை இலையா விரியுமே, அதான். நான் முதல் தடவை எங்க தெரு மெக்கானிக் அண்ணன்கிட்ட இரவல் கேட்டப்ப "கிட்டாருக்கு எங்கடா டேப்பட் இருக்கு"ன்னு ஒரு மாதிரியாப் பாத்தாரு, வெளக்கி சொன்னதும் அவரே கூட வந்து உக்காந்து அளந்து குடுத்தாரு, சொல்லப் போனா என்னை விட அவருக்குக் கை நிதானம். கேஜ் கெடைக்கலன்னா விசிட்டிங் கார்டு ஒண்ணு சுமாரா 0.3 மில்லி இருக்கும். ஏடிஎம் கார்டு 0.76 மில்லி, எந்த பேங்க் கார்டா இருந்தாலும் அதே தடிமன்தான், எழுத்து மேடா இல்லாத கார்டா எடுத்துக்கங்க. பின்னால வேணும்.

எதையும் திருப்புறதுக்கு முன்னாடி இப்ப என்ன அளவு இருக்கோ அதை ஒரு சீட்டுல எழுதுங்க. 12வது ஃப்ரெட்ல (ஃப்ரெட்னா நெக்ல குறுக்க பதிச்ச கம்பி) அஞ்சு ஸ்ட்ரிங்கோட உயரம், நெக் வளைவு, தேதி. சீட்டை பைக்குள்ளயே போட்டுருங்க. திருப்பித் திருப்பி எங்க நிக்கிறோம்னு தெரியாமப் போனா திரும்பி வர்றதுக்கு அந்தச் சீட்டுதான் கரை.

ஸ்ட்ரிங்ல இருந்து ஆரம்பிப்போம். பழைய ஸ்ட்ரிங்ல செட்டப் பண்றது வீண் வேலை, இன்டோனேஷன் (எந்த ஃப்ரெட்ல அமுக்குனாலும் சுருதி சரியா நிக்கிறது) உக்காரவே உக்காராது. எந்த கேஜ் போடப் போறீங்கன்னு முதல்லயே முடிவு பண்ணிருங்க, ஏன்னா கேஜ் மாத்துனா இழுவை மாறும், இழுவை மாறுனா நெக் மாறும், எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்து பண்ணணும். 45-65-85-105-130 சாதாரணமா எல்லாரும் போடுறது. பி மட்டும் கொழகொழன்னு தோணுச்சுன்னா 135 போட்டுப் பாக்கலாம், ஆனா நட்ல (தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்குற துண்டு) இருக்குற பள்ளம் அதுக்கு இடம் குடுக்குதான்னு பாக்கணும், குடுக்கலன்னா ஸ்ட்ரிங் பள்ளத்துக்கு மேல தொத்திக்கிட்டு நிக்கும்.

ஒண்ணு ஒண்ணாக் கழட்டி ஒண்ணு ஒண்ணா மாட்டுங்க. அஞ்சும் சேந்து 90 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டு இருக்கு, மொத்தத்தையும் ஒரே நேரத்துல அவுத்தா நெக் ஒண்ணும் ஒடிஞ்சிடாது, ஆனா பழைய நிலைக்கு வர நேரம் எடுக்கும். நீளமா இருக்குற நுனியை வெட்டுறதுக்கு முன்னாடி வெட்டப் போற எடத்துக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி ப்ளையரால நல்லா மடக்கி அப்புறம் வெட்டுங்க, மடக்காம வெட்டுனா சில ஸ்ட்ரிங்ல மேல் சுத்து உள்ளுக்குள்ளயே அவுந்து ஸ்ட்ரிங் செத்துப் போகும். ட்யூனிங் கீயில சுத்தும்போது மேல இருந்து கீழ எறங்குற மாதிரி சுத்துங்க, பி-க்கு ரெண்டு சுத்து போதும், மத்ததுக்கு ரெண்டு மூணு. கீழ எறங்குனாத்தான் நட்டுக்குப் பின்னாடி ஸ்ட்ரிங் சாஞ்சு நட்டுல நல்லா அழுந்தும்.

அடுத்து சொல்றது சின்ன விஷயம், பாதிப் பேரு செய்யிறதே இல்ல. மாட்டி ட்யூன் பண்ணதும் பி ஸ்ட்ரிங்கை சாடிலைத் தாண்டி நெக் பக்கம் வர்ற எடத்துல கட்டைவிரலால ஒரு அமுக்கு, நட்டுக்கு இந்தாண்டை ஒரு அமுக்கு. தடி ஸ்ட்ரிங் சாடில் மேல வில்லு மாதிரி வளைஞ்சு வரும், அதை நேரா ஆக்குறோம், அவ்வளவுதான். மண்டபத்து தம்பி பேஸ்ல இதைப் பண்ணதுமே பி-யோட பாதி மந்தம் போயிடுச்சு, அவன் நான் ஏதோ மந்திரம் பண்ணேன்னு நெனச்சான்.

பி ட்யூன் பண்றதுலயும் ஒரு கஷ்டம் இருக்கு, செல்போன் ஆப்புக்கு 31 ஹெர்ட்ஸ் சரியாக் காதுல விழாது, முள்ளு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடும். 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல விரலை லேசா வெச்சு ஹார்மோனிக் அடிங்க, 62 ஹெர்ட்ஸ் வரும், டக்குனு புடிச்சுக்கும். மெதுவா அடிங்க. ஓங்கி அடிச்சா முதல்ல சுருதி ஏறித்தான் எறங்கும்.

இப்ப ட்ரஸ் ராட். எல்லாரும் பயப்படுற எடம், பயப்படணும்தான், ஆனா தொடாமயே இருக்குற அளவுக்கு இல்ல. நெக்குக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ஸ்ட்ரிங் நெக்கை முன்னாடி இழுக்குது, கம்பி பின்னாடி இழுக்குது, வடம் இழுக்குற போட்டி மாதிரி. நெக் மட்டமா நேரா இருக்கக் கூடாது, நடுவுல இம்புட்டுக்காண்டு பள்ளம் வேணும், ஏன்னா ஸ்ட்ரிங் நடுவுலதான் அகலமா ஆடும்.

அளக்குறது இப்படி. ட்யூன் பண்ணி, மடியில வாசிக்கிற மாதிரியே வெச்சுக்கங்க, மேசையில மல்லாத்திப் போட்டு அளக்காதீங்க, அந்தக் கனத்துக்கு அளவே மாறிடும். முதல் ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங் எல்லாத்தையும் அமுக்கிப் புடிக்கிற கிளிப்) போடுங்க, நெக் பாடியில சேர்ற எடத்துல, 16வதோ 17வதோ, ஸ்ட்ரிங்கை அமுக்குங்க. கை எட்டாது, பேஸ் நெக் நீளம், வலது முழங்கையால அமுக்கிக்கிட்டு அதே கை விரலால 8வது ஃப்ரெட் பக்கம் தட்டிப் பாருங்க, முதல் தடவை கொஞ்சம் சர்க்கஸா இருக்கும், பக்கத்துல தம்பி தங்கச்சி யாராச்சும் இருந்தா அமுக்கச் சொல்லிடலாம். இப்ப ஸ்ட்ரிங்தான் உங்க நூல் மட்டம். 7, 8வது ஃப்ரெட்டோட தலைக்கும் ஸ்ட்ரிங்கோட அடிக்கும் நடுவுல எம்புட்டு சந்து இருக்குன்னு கேஜைச் சொருகிப் பாருங்க. 0.3ல இருந்து 0.4 மில்லி, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கிட்டுப் போனா நல்லா இருக்கு. இ-லயும் பாருங்க, ஜி-லயும் பாருங்க, ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா நெக் முறுக்கிக்கிச்சுன்னு அர்த்தம், அது வீட்டுல சரி பண்ற வேலை இல்ல.

சந்து அதிகமா இருந்தா கடிகார முள் சுத்துற பக்கம் திருப்புங்க, நெக் நேராகும். சந்தே இல்லன்னா எதிர்ப்பக்கம், ராட் தளரும், ஸ்ட்ரிங் நெக்கை முன்னாடி இழுத்துப் பள்ளம் விழும். எம்புட்டு திருப்புறதுன்னா கால் சுத்துக்கு மேல ஒரு நாளும் போகாதீங்க, முதல் தடவைன்னா அதுல பாதி. இறுக்குற பக்கம் திருப்புறதா இருந்தா முன்னாடி ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திக்கங்க, ராடுக்கு பாரம் கொறையும். திருப்புன அப்புறம் மறுபடி ட்யூன் பண்ணிட்டுத்தான் அளக்கணும். அப்புறம் ஒரு ராத்திரி விட்டுருங்க. மரம் பைய அசையிற சாமான், நீங்க அளந்த அளவு காலையில வேற மாதிரி இருக்கும்.

இதைச் சொல்றதுக்கு எனக்கு ஒரு தகுதி இருக்கு, நானே மாட்டிக்கிட்டவன். ஒரு சர்ச் திருவிழா, சாயங்காலம் ஆறரைக்கு கச்சேரி, மத்தியானம் மூணு மணிக்கு ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) கொஞ்சம் ஏறுன மாதிரி இருக்கேன்னு ட்ரஸ் ராடை அரை சுத்து இறுக்கிட்டேன், அப்ப பாத்தேன் நல்லாத்தான் இருந்துச்சு, ஸ்ட்ரிங் பட்டு மாதிரி கிட்ட வந்துருச்சுன்னு சந்தோஷம் வேற. ஆறரை மணிக்கு மேடை ஏறுனா முதல் நாலு ஃப்ரெட்டும் ஈ கத்துற மாதிரி ஙொய்யுன்னு கத்துது. மூணரை மணி நேரத்துல நெக் மிச்சத்தையும் நேராக்கி பின்பக்கமே வளைஞ்சுருச்சு. அன்னைக்கு முழுக்க 5வது ஃப்ரெட்டுக்கு மேலேயே சுத்திக்கிட்டு இருந்தேன், கீழ எறங்கவே இல்ல, ட்ரம்ஸ் வாசிச்ச அண்ணன் "என்ன மாப்ள இன்னைக்கு மாடியிலயே குடியிருக்க"ன்னாரு. கச்சேரி அன்னைக்கு ட்ரஸ் ராட் தொடுறதில்லன்னு அன்னையோட வெச்சுக்கிட்டேன்.

திருப்புனா திருப்புனபடி இறுகிக்கிட்டே போகுது ஆனா நெக் அசையலைன்னா நிறுத்துங்க. பலத்தைக் காட்டாதீங்க. ராட் முறிஞ்சா நெக்கே போச்சு.

நெக் அடங்குன பிற்பாடு நட்டைப் பாக்கணும். 3வது ஃப்ரெட்ல அமுக்கி முதல் ஃப்ரெட் மேல ஸ்ட்ரிங் எம்புட்டுத் தூக்கி நிக்குதுன்னு பாருங்க, ஒரு நோட்டுப் பேப்பர் போற அளவு இருந்தா போதும், பி-க்கு கொஞ்சம் கூட இருக்கலாம். ரொம்பத் தூக்கியிருந்தா முதல் ரெண்டு ஃப்ரெட்ல அமுக்கும்போது விரலும் வலிக்கும் சுருதியும் ஏறும். பள்ளத்தை ஆழம் பண்ண அந்தந்த ஸ்ட்ரிங் தடிமனுக்குத் தனி அரம் வேணும், அது இல்லாம ஊசி அரத்தை வெச்சு ராவாதீங்கன்னுதான் சொல்லுவேன், அதையும் மீறி ஆழமாப் போயிட்டா ஆப்ப சோடாவை பள்ளத்துல துளி போட்டு மேல ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டா கல்லு மாதிரி ஆயிடும், மறுபடி ராவிக்கலாம். ஒட்டு வேலைதான், ஆனா வருஷக்கணக்கா நிக்குது. ஃபெவிக்விக் சிந்தி ஃப்ரெட்போர்டுல படாம சுத்தி டேப் ஒட்டிருங்க.

இனி ஆக்ஷன், எல்லாருக்கும் ஆசை இங்கதான். "அண்ணே லோ ஆக்ஷன் வெச்சுக் குடுங்க"ன்னு வர்றவன்கிட்ட நான் முதல்ல வாசிடான்னு சொல்லிக் கையைப் பாப்பேன். ஓங்கி இழுத்து வாசிக்கிற கைக்கு லோ ஆக்ஷன் ஆகாது, அதுவும் அஞ்சு ஸ்ட்ரிங்ல. கேப்போவைக் கழட்டிட்டு 12வது ஃப்ரெட்டோட தலையில இருந்து ஸ்ட்ரிங்கோட அடி வரைக்கும் அளங்க. ஜி-க்கு 2 மில்லி, பி-க்கு 2.5ல இருந்து 2.8, நடுவுல இருக்குற மூணும் படிப்படியா ஏறணும். இது ஆரம்பம்தான், இங்க இருந்து உங்க கைக்கு ஏத்த மாதிரி ஏத்தி எறக்கிக்கங்க. ஸ்கேல் கண்ணுக்கு ஒத்து வரலன்னா மூணு ஏடிஎம் கார்டை அடுக்கி 12வது ஃப்ரெட் மேல வைங்க, 2.3 மில்லி, ஏ ஸ்ட்ரிங் அதை லேசா உரசுச்சுன்னா கணக்கு சரி, பி தொடாமப் போகணும், ஜி கார்டுல ஏறி உக்காரும்.

சாடில்ல ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ரெண்டையும் ஒரே அளவு திருப்புங்க, சாடில் சாஞ்சு நிக்கக் கூடாது. நம்ம ஊருல இந்த ஸ்க்ரூதான் முதல்ல துருப்புடிச்சு நிக்கும். பலம் போட்டுத் திருப்புனா தலை மழுங்கும், தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில தொட்டு ஒரு சொட்டு வெச்சு ஒரு மணி நேரம் விட்டுட்டு வாங்க, இளகிக் குடுக்கும். ஸ்ப்ரேயைக் கிட்டார் மேல நேரா அடிக்காதீங்க, பிக்கப்புக்குள்ளயும் (ஸ்ட்ரிங் ஆடுறதைப் புடிக்கிற காந்தப் பெட்டி) மரத்துக்குள்ளயும் எறங்கும்.

சாடிலை அடி வரைக்கும் எறக்கியும் ஸ்ட்ரிங் உயரமாவே இருக்குன்னா நெக் சாய்மானம் போதலைன்னு அர்த்தம். ஸ்க்ரூ போட்ட நெக்கா இருந்தா ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நெக்கைக் கழட்டி, அது உக்காருற குழியில பிரிட்ஜ் (சாடில் எல்லாம் உக்காந்திருக்குற தகடு) பக்கத்து ஓரமா ஒரு விசிட்டிங் கார்டு துண்டு வெச்சு மறுபடி மாட்டுங்க, தலைப்பக்கம் பின்னாடி சாயும், ஸ்ட்ரிங் எறங்கும்.

சத்தம் வந்தா எங்க வருதுன்னு கேளுங்க, அதுலயே பதில் இருக்கு. ஸ்ட்ரிங்கை அமுக்காம சும்மா அடிச்சா மட்டும் கத்துதுன்னா நட்டுப் பள்ளம் ஆழம். முதல் அஞ்சு ஃப்ரெட்டுக்குள்ள கத்துதுன்னா நெக் ரொம்ப நேரா இருக்கு, ராடைத் துளி தளர்த்துங்க. 12க்கு மேல கத்துதுன்னா சாடிலை ஏத்துங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும் கத்துதுன்னா அடுத்த ஃப்ரெட் மேடா இருக்கு, அது ஃப்ரெட் வேலை தெரிஞ்சவர்கிட்ட போகணும். அப்புறம் முக்கியமா, ஆம்ப்ல கேக்குதான்னு பாருங்க. வீட்டுல தனியா வாசிக்கிறப்ப பி-ல வர்ற லேசான கரகரப்பு ஆம்ப்ல வரவே வராது, வராததைத் தேடித் துரத்தி ஆக்ஷனை ஏத்தி ஏத்தி கையைக் கெடுத்துக்காதீங்க.

இன்டோனேஷன் வேலை சுலபம், பொறுமைதான் வேணும். 12வது ஃப்ரெட் ஹார்மோனிக்கை ட்யூனர்ல சரியா நிறுத்துங்க, அப்புறம் அதே 12ல சாதாரணமா வாசிக்கிற அழுத்தத்துல அமுக்கி அடிங்க. அமுக்குனது ஏறுச்சுன்னா சாடிலை நெக்கை விட்டுப் பின்னாடி தள்ளுங்க, எறங்குச்சுன்னா நெக் பக்கம் கொண்டாங்க. சாடிலை நகத்துறப்ப ஸ்ட்ரிங்கைத் தளர்த்திட்டு நகத்துங்க, ஒவ்வொரு தடவையும் ட்யூன் பண்ணிட்டு மறுபடி பாருங்க. முடிவுல அஞ்சு சாடிலும் ஒரு சாய்வா நிக்கும், பி தான் கடைசியில இருக்கும். சில பேஸ்ல பி-க்கு சாடில் இன்னும் பின்னாடி போகணும்னு இருக்கும், ஸ்க்ரூவோ எடம் தீந்துருக்கும், அப்ப சாடிலுக்குப் பின்னாடி இருக்குற ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டா கொஞ்சம் எடம் கெடைக்கும். கடைசி ஒண்ணு ரெண்டு சென்ட்டுக்காக (சுருதியோட நுணுக்க அளவு) உயிரை விட வேணாம், ட்ரம்ஸ் அடிக்கிற சத்தத்துல அது யாருக்கும் கேக்காது.

பிக்கப் உயரம் கடைசி. கடைசி ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு பி பக்கம் 3 மில்லி, ஜி பக்கம் 2, 2.5 மில்லி சந்து வெச்சு ஆரம்பிங்க. கிட்ட வந்தா சத்தம் ஏறும்னு ரொம்பத் தூக்காதீங்க, காந்தம் தடி ஸ்ட்ரிங்கைப் புடிச்சு இழுக்கும், பி ஒரு மாதிரி குடிச்சவன் பேச்சு மாதிரி குழறும். எனக்குப் புடிச்ச சோதனை ஒண்ணு இருக்கு, பி-ல 5வது ஃப்ரெட்டும் ஓப்பன் இ-யும் ஒரே சுரம், ரெண்டையும் மாத்தி மாத்தி ஒரே பலத்துல அடிங்க, சத்தம் சமமா இருக்குற வரைக்கும் பிக்கப் ரெண்டு ஓரத்து ஸ்க்ரூவையும் ஏத்தி எறக்குங்க. இதைச் சின்ன ப்ராக்டிஸ் ஆம்ப்ல பண்ணி ஏமாந்துராதீங்க, எட்டு இன்ச் ஸ்பீக்கர் 31 ஹெர்ட்ஸைப் பாத்ததே இல்ல, அதுல பி எப்பவும் சோனியாத்தான் கேக்கும்.

இனி நம்ம கடற்கரைக்காரங்க பாடு. 1914ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே இந்த உப்புக்காத்து அரிச்சு, 2022 டிசம்பர்ல அதுல ரயிலை நிறுத்துனாங்க, நம்ம நிக்கல் ஸ்ட்ரிங் அதுக்கு எந்த மூலைக்கு. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச பருத்தித் துணியை ஸ்ட்ரிங்குக்கு அடியிலயும் விட்டு இழுத்துத் துடைங்க, மேல மட்டும் துடைச்சா உப்பு கீழ் பக்கம் உக்காந்துக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்ட்ரிங் தாங்கும், கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும், ஃப்ரெட்டையும் கொஞ்சம் வெரசாத் தேய்க்கும், கோட்டிங் போட்டது விலை சாஸ்தி ஆனா இங்க போட்ட காசுக்கு உழைக்குது. பழைய ஸ்ட்ரிங்கைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா அழுக்கு விட்டு பழைய சத்தம் வரும், ஈரம் போக நல்லா வெயில்ல காய வைக்கணும், அவசரத்துக்கு ஒரு வாரம் ரெண்டு வாரம் ஓட்டலாம், அதுக்கு மேல நம்பாதீங்க.

ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வறண்டு போனா ஸ்ட்ரிங் மாத்துறப்ப லெமன் ஆயில் ரெண்டு சொட்டு தடவித் துடைச்சிரலாம். தேங்காயெண்ணெய் தடவாதீங்க, சிக்குப் புடிச்சு நாறும், ஒருத்தர் வீட்டுப் பேஸைத் தொறந்தா பலகாரக் கடை வாசம் அடிச்சுது. ராத்திரி ஜன்னல் ஓரத்துல ஸ்டாண்டுல விடாம பைக்குள்ள வைங்க, செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலம் நாலு சேத்துப் போடுங்க.

வாடைக்காத்து ஆரம்பிச்சு மழை பேயிற ஐப்பசி கார்த்திகையில ஒரு தடவை, கச்சான் (மேல்காத்து) அடிக்கிற காலத்துல ஒரு தடவை நெக் வளைவை அளங்க. எந்தப் பக்கம் போகும்னு பொதுவாச் சொல்ல முடியாது. என் பேஸ் மழைக்கு முன்னாடி வளையும், என்கூட வாசிக்கிறவரோடது அதே மாசத்துல பின்னாடி போகும். சீட்டுல பழைய அளவு இருக்குல்ல, அதோட ஒத்துப் பாத்து அரைக்கால் சுத்து திருப்புனா முடிஞ்சுது, மொத்த செட்டப்பையும் கலைக்க வேண்டியதில்ல.

ஆக்டிவ் பேஸா இருந்தா வாசிச்சதும் கேபிளைக் கழட்டிருங்க, சொருகி இருக்குற வரைக்கும் உள்ள 9 வோல்ட் பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருக்கும். மண்டபத்து தம்பி கெளம்பிப் போன மறுநாளே போன் பண்ணி "அண்ணே சத்தம் கிழிஞ்சு கிழிஞ்சு வருது, ட்ரஸ் ராட் போயிருச்சாண்ணே"ன்னான். ராத்திரி பூரா கேபிள் சொருகியே கெடந்துருக்கு.